பிரெஞ்சு முடியாட்சி வீழ்ந்த நாள்: 1792 ஆகஸ்ட் 10

பாஸ்டில் சிறை 1789 ஜூலையிலேயே வீழ்ந்துவிட்டது என்றால் பதினாறாம் லூயி 1793 ஜனவரியில்தானே கொல்லப்படுகிறார், இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகளில் முடியாட்சி எப்போது முடிந்தது, அதை முடித்தது பசியால் எழுந்த கும்பலா அல்லது தலைவர்கள் தூண்டிவிட்ட கூட்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேரடியான பதில் இது: முடியாட்சி வீழ்ந்தது 1792 ஆகஸ்ட் 10, வெள்ளிக்கிழமை காலையில், பாரிசின் தூய்லரி அரண்மனையில். அதை வீழ்த்தியவர்கள், தங்கள் வட்டங்களில் (பாரிசின் தேர்தல் பிரிவுகளில்) வாரக்கணக்கில் கூடிப் பேசி, மனு எழுதி, கெடு விதித்து, கெடு தீர்ந்த பிறகே ஆயுதம் எடுத்த கைவினைஞர்களும் சிறு கடைக்காரர்களும் கூலித் தொழிலாளர்களும், மாகாணங்களிலிருந்து வந்து அவர்களுடன் சேர்ந்துகொண்ட தொண்டர் படையினரும் ஆவர். கும்பல் என்ற சொல்லும் தூண்டுதல் என்ற சொல்லும் அந்த நாளுக்குப் பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பாஸ்டில் பற்றி. 1789 ஜூலை 14 அன்று அந்தக் கோட்டையில் இருந்த கைதிகள் ஏழே பேர். அதன் வீழ்ச்சி மன்னரின் கட்டற்ற அதிகாரத்தை முறித்தது. பாரிசைச் சுற்றிக் குவிக்கப்பட்டிருந்த படைகளை அவர் திரும்ப அழைக்க நேர்ந்தது. மக்கள் பிரதிநிதிகளின் தேசிய மன்றம் பிழைத்தது. ஆனால் மன்னரே வேண்டாம் என்ற குரல் அன்று எழவில்லை. மூன்று நாள் கழித்து லூயி பாரிஸ் நகர மன்றத்துக்கு வந்து மூவண்ணச் சின்னத்தைத் தொப்பியில் செருகிக்கொண்டபோது மக்கள் அவரை வாழ்த்தினார்கள். அக்டோபரில் ரொட்டி கேட்டு வெர்சாய் வரை நடந்த பெண்கள் அரச குடும்பத்தைப் பாரிசுக்கு அழைத்துவந்து தூய்லரியில் குடியமர்த்தியதும் அவரை நீக்குவதற்காக அல்ல. மன்னர் தங்கள் நடுவே இருந்தால் கெட்ட ஆலோசகர்களிடமிருந்து விடுபடுவார் என்ற நம்பிக்கையில்தான். இன்று ஜூலை 14 தேசிய நாளாக இருப்பதற்குக் காரணம் 1880-ல் இயற்றப்பட்ட சட்டம். 1790 ஜூலை 14 அன்று மன்னரும் மக்களும் ஒரே திடலில் உறுதிமொழி எடுத்த ஒற்றுமை விழாவும் அதே தேதியில் நடந்திருந்ததால், எல்லாத் தரப்பும் ஏற்கக்கூடிய நாளாக அது அமைந்தது. ஆகஸ்ட் 10-க்கும் ஒரு காலத்தில் விழா எடுத்தார்கள். லூவர் அரண்மனை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது 1793 ஆகஸ்ட் 10 அன்றுதான். ஆனால் அந்த நாளின் இரத்தம் நாட்டை இரண்டாகப் பிரித்த இரத்தம். பின்னால் வந்த அரசுகளுக்கு அது வசதியான நினைவாக இருக்கவில்லை.

1791 செப்டம்பரில் நிறைவேறிய அரசியலமைப்பு, மன்னரைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட தலைவராக வைத்துக்கொண்டது. அதில் இரண்டு முடிச்சுகள் இருந்தன. ஒன்று, வாக்குரிமை. மூன்று நாள் கூலிக்குச் சமமான நேரடி வரி கட்டும், 25 வயது நிறைந்த ஆண்களே வாக்களிக்கும் குடிமக்கள். மற்ற ஆண்கள் 'செயலற்ற குடிமக்கள்'. பெண்களுக்கு எந்த வகையிலும் இடமில்லை. பாஸ்டிலைத் தாக்கியவர்களில் பலருக்கே இந்த அளவுகோலின்படி வாக்குரிமை கிடையாது. மற்றொன்று, தடுப்பு அதிகாரம். மன்றம் இயற்றும் சட்டத்தை மன்னர் நிறுத்திவைக்கலாம். அடுத்தடுத்து இரண்டு புதிய மன்றங்கள் அதையே மீண்டும் நிறைவேற்றும் வரை அது நடைமுறைக்கு வராது. அமைதிக் காலத்தில் சமாளிக்கக்கூடிய ஏற்பாடாக இது இருந்திருக்கலாம். போர்க் காலத்தில் இதுவே கழுத்துச் சுருக்காக மாறியது.

இந்த அரசியலமைப்பு நடைமுறைக்கு வருமுன்பே மன்னர் மீதிருந்த நம்பிக்கை உடைந்துவிட்டது. 1791 ஜூன் 20 இரவு லூயி மாறுவேடத்தில் குடும்பத்துடன் தப்பி, கிழக்கு எல்லையை நோக்கிப் போனார். சாந்த்-மெனூல் என்ற ஊரின் அஞ்சல் நிலையத் தலைவர் துருவே சந்தேகப்பட்டு விரட்டிச் செல்ல, வாரென் என்ற சிற்றூரில் அரச வண்டி மறிக்கப்பட்டது. அரண்மனையில் லூயி விட்டுச்சென்ற அறிக்கை, அதுவரை தாம் ஒப்புக்கொண்ட மாற்றங்களில் பெரும்பாலானவற்றைக் கண்டித்திருந்தது. மன்னரை யாரோ கடத்திச் சென்றார்கள் என்று மன்றம் ஒரு கதை கட்டிக் காப்பாற்றியது. அதை ஏற்காமல் ஜூலை 17 அன்று சான்-து-மார்ஸ் திடலில் மனுவில் கையெழுத்திடக் கூடியவர்கள் மீது தளபதி லஃபாயெத்தின் தேசியக் காவற்படை சுட்டதில் பலர் இறந்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு தூய்லரியை நோக்கி நடந்தவர்கள் இதை மறந்திருக்கவில்லை.

1792 ஏப்ரல் 20 அன்று பிரான்ஸ் ஆஸ்திரியா மீது போர் அறிவித்தது. போரைப் பெரிதும் விரும்பியவர்கள், மன்றத்தில் பிரிசோ என்ற உறுப்பினரின் அணியினரான ஜிரோந்தினர். மன்னரும் விரும்பினார், ஆனால் பிரான்ஸ் தோற்றால் தம் பழைய அதிகாரம் திரும்பும் என்ற கணக்கில். போரை அன்று தனித்து நின்று எதிர்த்தவர்களில் புரட்சித் தலைவர் ரோபஸ்பியர் முதன்மையானவர். அரசி மேரி அன்டோனெட் பிரெஞ்சுப் படை எங்கே தாக்கப்போகிறது என்ற செய்தியை மார்ச் மாதமே ஆஸ்திரியத் தரப்புக்கு எழுதி அனுப்பிவிட்டார். அந்தக் கடிதங்கள் அப்போது பாரிஸ் மக்களுக்குத் தெரியாது. ஆனால் அரண்மனையில் 'ஆஸ்திரியக் குழு' ஒன்று இயங்குகிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மக்களின் சந்தேகத்தை வெறும் வதந்தி வெறி என்று எழுதியவர்கள் இந்த உண்மையை எளிதில் தாண்டிச் செல்கிறார்கள். சான்று கையில் இல்லாதபோதும் சந்தேகம் அடிப்படையில் சரியாகவே இருந்தது.

எல்லையில் தோல்விகள் தொடர்ந்தன. பாரிசைக் காக்க 20,000 மாகாணத் தொண்டர்களை வரவழைக்கவும், அரசியலமைப்புக்கு உறுதிமொழி தர மறுத்த பாதிரியார்களை நாடு கடத்தவும் மன்றம் ஆணையிட்டது. மன்னர் இரண்டையும் தடுத்தார். கேள்வி கேட்ட ஜிரோந்தின் அமைச்சர்களை ஜூன் 13 அன்று நீக்கினார். ஒரு வாரம் கழித்து, ஜூன் 20 அன்று, புறநகர்த் தொழிலாளர்கள் அரண்மனைக்குள் நுழைந்து பல மணி நேரம் மன்னர் முன் நின்றார்கள். லூயி புரட்சியின் அடையாளமான சிவப்புத் தொப்பியை அணிந்துகொண்டார், தேசத்தின் நலத்துக்காக மது அருந்தினார், ஆனால் தடையை மட்டும் விலக்கிக்கொள்ளவில்லை. அன்று அவர் காட்டிய துணிவு உண்மையானது. கெஞ்சியும் மிரட்டியும் இவரிடம் எதுவும் நடக்காது என்பதைப் பாரிஸ் புரிந்துகொண்டதும் அன்றுதான்.

இனி பசி பற்றிய கேள்வி. 1789-க்கு அந்த விளக்கம் பெருமளவு பொருந்தும்: வழக்கமாக எட்டு ஒன்பது சூ (அன்றைய சில்லறைக் காசு) விலையில் விற்ற நான்கு பவுண்டு ரொட்டி அந்த ஆண்டின் தொடக்கத்தில் 14½ சூ வரை ஏறியது, ஒரு கட்டடத் தொழிலாளியின் நாள் கூலியில் பாதி அதற்கே போனது. 1792 கோடையில் பாரிசில் அப்படிப்பட்ட தட்டுப்பாடு இல்லை. துன்பம் இருந்தது: அசிஞா என்ற தாள் பணம் மதிப்பிழந்துகொண்டிருந்தது, கரீபியத்திலிருந்த பிரெஞ்சுக் குடியேற்றமான சாந்தொமாங்கில் (இன்றைய ஹைட்டி) 1791 ஆகஸ்டில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபின் சர்க்கரை விலை ஏறியதால் 1792 ஜனவரியில் பாரிஸ் கடைகளில் கலவரம் நடந்தது. இவை மனக்கசப்பை வளர்த்தன. ஆயினும் ஆகஸ்டில் மக்கள் கேட்டது ரொட்டியோ சர்க்கரையோ அல்ல, மன்னரின் பதவி நீக்கம். எந்த மனுவை எடுத்துப் பார்த்தாலும் அதுவே மையம்.

அந்த மனுக்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் இந்த வரலாற்றின் உயிர்நாடி. 1790-ல் பாரிஸ் நகரம் தேர்தல் வசதிக்காக 48 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வட்டமும் தேவாலயத்திலோ மடத்திலோ கூடும். தலைவர், செயலர், பதிவேடு, தீர்மானம் என்று முறையாக நடக்கும். ஜூலை 11 அன்று மன்றம் 'தாயகம் ஆபத்தில்' என்று அறிவித்தது. ஜூலை 25 அன்று வட்டங்கள் இடைவிடாது கூடியிருக்க அனுமதி தந்தது. வேலை முடிந்து மாலையில் வரும் தச்சரும் செருப்புத் தைப்பவரும் அங்கே ஒவ்வொரு நாளும் நாட்டு நிலவரத்தை விவாதித்தார்கள். ஜூலை 30 அன்று புரட்சித் தலைவர் தாந்தன் இருந்த தியாத்ர்-பிரான்சே வட்டம், தாயகத்தைக் காக்க அழைக்கப்படுபவர்களுக்கு வாக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டு, செயலற்ற குடிமக்களுக்குத் தன் கதவைத் திறந்தது. மறுநாள் மோகோன்செய் வட்டம், லூயியை இனி மன்னராக ஏற்கவில்லை என்றே தீர்மானம் போட்டது. இது சட்டப்படி செல்லாது என்று மன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் தீர்மானம் வட்டம் வட்டமாகப் பரவிவிட்டது.

அதே நாட்களில் பிரன்ஸ்விக் கோமகனின் அறிக்கை பாரிசை எட்டியது. பிரஷ்ய, ஆஸ்திரியப் படைகளின் தலைவர் என்ற முறையில் ஜூலை 25 அன்று அவர் கோப்லென்சில் வெளியிட்ட இந்த அறிக்கை, அரச குடும்பத்துக்குச் சிறு அவமதிப்பு நேர்ந்தாலும் பாரிஸ் நகரம் முழுமையாக அழிக்கப்படும் என்று மிரட்டியது. நாட்டைவிட்டு வெளியேறிய பிரெஞ்சுப் பிரபுக்களின் வட்டாரத்தில் எழுதப்பட்ட இந்த மிரட்டலை வேண்டிக் கேட்டவர்களில் அரசியும் ஒருவர். மன்னரைக் காக்க எழுதப்பட்ட தாள், மன்னரும் எதிரியும் ஒரே பக்கம் நிற்கிறார்கள் என்பதற்கு எழுத்துச் சான்றாக மாறியது. ஜூலை 30 அன்று மார்செய் நகரத்தின் சுமார் 500 தொண்டர்கள் பாரிசுக்குள் நுழைந்தார்கள். அவர்கள் பாடிவந்தது, ஏப்ரலில் ஸ்திராஸ்பூரில் ரூழே-து-லீல் ரைன் படைக்காக இயற்றிய போர்ப்பாட்டு. இவர்களால் அதற்கு 'மார்செயேஸ்' என்ற பெயர் நிலைத்தது. பாரிசின் கோபம் பாரிசுக்கு மட்டும் உரியது அல்ல என்பதற்கு அவர்களே சாட்சி.

ஆகஸ்ட் 3 அன்று மேயர் பெத்தியோன், ஏறத்தாழ எல்லா வட்டங்களின் பெயரிலும், மன்னரை நீக்கும்படி மன்றத்தில் மனு அளித்தார். செந்த் அந்துவான் புறநகரைச் சேர்ந்த கேன்ஸ்-வேன் வட்டம் ஆகஸ்ட் 9 நள்ளிரவு வரை காத்திருப்போம், அதற்குள் முடிவு வராவிட்டால் அபாய மணி ஒலிக்கும் என்று வெளிப்படையாகவே கெடு வைத்தது. ஒளிந்து திட்டமிடும் சதிகாரர்கள் தேதியும் நேரமும் அறிவிப்பதில்லை. மன்றம் தயங்கியது. ஜிரோந்தின் தலைவர்கள் இரகசியமாக மன்னருக்குக் கடிதம் எழுதி, தங்கள் அமைச்சர்களை மீண்டும் அமர்த்தினால் நிலைமையைச் சமாளிக்கலாம் என்றார்கள். ஆகஸ்ட் 8 அன்று, தன் படையை விட்டுவந்து மன்றத்தையே மிரட்டிய லஃபாயெத் மீது குற்றம் இல்லை என்று 406 பேர் வாக்களித்தார்கள். எதிர்த்தவர்கள் 224 பேர். இந்த மன்றத்திடம் இனி எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று வட்டங்கள் முடிவு செய்தது அந்த வாக்கெடுப்புக்குப் பிறகுதான். கெடு நாளில் மன்றம் மன்னர் விவகாரத்தில் முடிவெடுக்காமலே கலைந்தது.

நள்ளிரவை ஒட்டி மணிகள் ஒலித்தன. வட்டங்கள் தேர்ந்தெடுத்த ஆணையர்கள் நகர மன்றக் கட்டடத்தில் கூடி, பழைய நகராட்சிக்குப் பக்கத்து அறையிலேயே புதிய கம்யூனாக, அதாவது நகர ஆட்சி மன்றமாக, அமர்ந்தார்கள். அரண்மனைப் பாதுகாப்பின் பொறுப்பாளர் தேசியக் காவற்படைத் தளபதி மாந்தா. சேன் ஆற்றின் இரு கரைக் கிளர்ச்சியாளர்களும் ஒன்று சேராதபடி அவர் பொன்-நெஃப் பாலத்தில் பீரங்கிகளை நிறுத்தியிருந்தார். அது திறமையான ஏற்பாடு. அவரை நகர மன்றத்துக்கு அழைத்தார்கள். புதிய கம்யூன் உருவானதை அறியாமல் அவர் விடியலில் போனார், கைது செய்யப்பட்டார், சிறைக்குக் கொண்டுபோகும்போது படிக்கட்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். பாலத்திலிருந்த பீரங்கிகள் அகற்றப்பட்டன. செந்த் அந்துவானின் பீர் தயாரிப்பாளர் சாந்தேர் அவர் இடத்தில் தளபதியானார். போர் தொடங்குமுன்பே அரண்மனையின் பாதுகாப்புத் திட்டம் தலையிழந்துவிட்டது.

தூய்லரியில் சுமார் 900 சுவிஸ் காவலர்களும், சில நூறு பிரபுக்களும், ஏறத்தாழ 2,000 தேசியக் காவற்படையினரும், குதிரைப்படையும் இருந்தார்கள். விடிந்ததும் லூயி கீழே இறங்கிப் படையைப் பார்வையிட்டார். சுவிஸ் காவலர்கள் வாழ்த்தினார்கள். தேசியக் காவற்படையிலோ பலர் தடுப்பு அதிகாரம் ஒழிக என்று அவர் முகத்துக்கு நேரே கூவினார்கள். எட்டரை மணி அளவில் மாவட்ட நிர்வாக அதிகாரி ரோடரர் மன்னரிடம், இனிப் பாதுகாப்பான இடம் மன்றம் மட்டுமே என்று வற்புறுத்தினார். அரசி எதிர்த்தார், லூயி இணங்கினார். தோட்டத்தின் வழியாக நடந்தபோது காலடியில் குவிந்த சருகுகளைப் பார்த்து, இந்த ஆண்டு இலைகள் சீக்கிரமே உதிர்கின்றன என்று மன்னர் சொன்னதை ரோடரரே பதிவு செய்திருக்கிறார். மன்னர் அவையில் இருக்கும்போது மன்றம் விவாதிக்கக் கூடாது என்பது அரசியலமைப்பு விதி. ஆகவே, தலைவர் இருக்கைக்குப் பின்னால் குறிப்பெடுப்பவர்கள் உட்காரும் சிறு கூண்டில் அரச குடும்பம் அமர்த்தப்பட்டது. தம் பதவி பறிபோன விவாதத்தை லூயி அந்தக் கூண்டிலிருந்தே கேட்டார்.

மன்னர் போன பிறகு அரண்மனையைக் காக்க என்ன காரணம் மிஞ்சியது? சுவிஸ் காவலர்களுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. தேசியக் காவற்படையில் பெரும்பாலோர் மக்கள் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். மார்செய், பிரெஸ்த் தொண்டர்கள் முற்றத்துக்குள் நுழைந்தார்கள். அல்சாசைச் சேர்ந்த வெஸ்தெர்மான் ஜெர்மன் மொழியில் பேசிச் சுவிஸ் காவலர்களை இணங்கவைக்க முயன்றார். பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே துப்பாக்கிகள் வெடித்தன. சுவிஸ் காவலர்களின் சீரான சுடுதலில் முன்னணியில் நின்றவர்கள் விழுந்தார்கள். முற்றம் சிறிது நேரம் காலியானது. திட்டமிட்டு உள்ளே அழைத்துச் சுட்டார்கள் என்று மக்கள் நம்பினார்கள், அதன் பிறகு இரக்கத்துக்கு இடமில்லாமல் போயிற்று. செந்த் அந்துவான் அணி வந்து சேர்ந்ததும் போரின் திசை மாறியது. அப்போது லூயியின் கையெழுத்தில் ஒரு துண்டுத் தாள் வந்தது: சுவிஸ் காவலர்கள் உடனே படைக்கலங்களைக் கீழே வைத்துப் பாசறைகளுக்குத் திரும்ப வேண்டும். ஆயுதம் இழந்தவர்கள் தோட்டத்திலும் தெருக்களிலும் வெட்டப்பட்டார்கள். கைதிகளாக நகர மன்றத்துக்குக் கொண்டுபோகப்பட்டவர்களும் கொல்லப்பட்டார்கள். ஏறத்தாழ 600 சுவிஸ் காவலர்கள் அன்று இறந்தார்கள். கூலிக்கு வந்த வேற்று நாட்டு வீரர்கள், விட்டுச்சென்ற எஜமானுக்காகப் போரிட்டு, அவருடைய கட்டளைக்குப் பணிந்ததாலேயே மடிந்தார்கள். கிளர்ச்சியின் நியாயத்தை ஏற்கும் நான் இந்தப் படுகொலையை நியாயப்படுத்த மாட்டேன்.

தாக்கியவர்கள் தரப்பில் இறந்தும் காயமுற்றும் வீழ்ந்தவர்கள் நானூறுக்குச் சற்றுக் குறைவு. அவர்களில் சுமார் 90 பேர் மாகாணத் தொண்டர்கள், மற்றவர்கள் பாரிஸ் வட்டத்தார். நகரின் ஏறத்தாழ எல்லா வட்டங்களிலிருந்தும் வந்திருந்த அவர்கள், தச்சர், தையற்காரர், செருப்புத் தைப்பவர், சிகை திருத்துபவர், சிறு கடைக்காரர், நாட்கூலி எனத் தொழிலும் முகவரியும் உள்ள மனிதர்கள். பெண்களும் இருந்தார்கள். நடிகை கிளேர் லகோம்ப் கையில் குண்டுக் காயத்தோடு போரிட்டதற்காகத் தொண்டர்களிடம் குடிமை மாலை பெற்றார். அன்று வாக்குரிமை விரிந்தபோது அவருக்கு அது கிடைக்கவில்லை.

மன்றத்தில் அன்று இருந்தவர்கள் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கும் குறைவு. அவைத் தலைமையில் இருந்தவர், சில நாட்களுக்கு முன் மன்னரோடு சமரசம் பேசிய ஜிரோந்தின் தலைவர் வேர்ஞியோ. மன்னரின் பணிகளை நிறுத்திவைக்கவும், புதிய பேரவை ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் அவரே முன்மொழிந்தார். 21 வயது நிறைந்த, சொந்த உழைப்பில் வாழும் ஆண்களுக்கு வரி நிபந்தனையின்றி வாக்குரிமை கிடைத்தது. வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் இல்லை. தாந்தன் நீதி அமைச்சரானார். ஆகஸ்ட் 13 அன்று அரச குடும்பம் தாம்ப்ல் சிறைக்கு மாற்றப்பட்டது. கிராமங்களுக்கு வந்த மாற்றம் இதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது: ஆகஸ்ட் 25 சட்டப்படி, மூலப் பத்திரத்தைக் காட்ட முடியாத நிலப்பிரபுக்களின் பாத்தியதைகள் இழப்பீடின்றி ஒழிந்தன. 1789 ஆகஸ்டில் பேச்சளவில் ஒழிக்கப்பட்ட நிலப்பிரபுத்துவம், விவசாயியின் வீட்டு வாசலில் உண்மையாகத் தளர்ந்தது இதற்குப் பிறகுதான்.

தலைவர்களின் பங்கு என்ன என்றால், அது இருந்தது, ஆனால் அளவோடு. ரோபஸ்பியர் ஜூலை 29 அன்று புரட்சியாளர்களின் அரசியல் அமைப்பான ஜாக்கோபின் சங்கத்தில் மன்னரை நீக்கிப் புதிய பேரவை கூட்ட வேண்டும் என்று வாதிட்டார். சண்டையில் அவர் இல்லை. தாந்தன் சொந்த ஊருக்குப் போய்விட்டு ஆகஸ்ட் 9 அன்றுதான் திரும்பினார். பெத்தியோனைக் கிளர்ச்சியாளர்களே வீட்டில் காவல் வைத்தார்கள். பெயர்பெற்ற தலைவர்களில் பலர் வட்டங்களுக்கு முன்னால் நடக்கவில்லை. பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

வெற்றியின் நிழலில் நடந்ததையும் சொல்லாமல் விட முடியாது. பிரஷ்யப் படை எல்லைக் கோட்டையான லோன்வியைப் பிடித்தது. அடுத்த கோட்டையான வெர்தான் வீழப்போகிறது என்ற செய்தி வந்ததும், செப்டம்பர் 2 முதல் சில நாட்கள் பாரிசின் சிறைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்த அரசியலோடும் தொடர்பில்லாத சாதாரணக் குற்றவாளிகள். கம்யூன் அதைத் தடுக்கவில்லை, தாந்தனும் தடுக்கவில்லை. ஆகஸ்ட் 10 வட்டங்களின் தீர்மானத்தில் பிறந்தது. செப்டம்பர் அச்சத்தில் பிறந்தது. இரண்டையும் ஒன்றாகக் கலப்பது தவறு. முன்னதில் சுடப்பட்டவர்களுக்குப் பழிவாங்க வேண்டும் என்ற குரல் பின்னதில் கேட்டதை மறைப்பதும் தவறு.

செப்டம்பர் 20 அன்று வால்மியில் பிரஷ்யர் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். மறுநாள் புதிய பேரவை கூடி, எதிர்ப்பின்றி முடியாட்சியை ஒழித்தது. மன்னரை என்ன செய்வது என்ற கேள்வி டிசம்பரில் வந்தபோது ரோபஸ்பியர், இங்கே விசாரணைக்கே இடமில்லை, லூயி குற்றமற்றவராக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டால் ஆகஸ்ட் 10 குற்றமாகிவிடும், மக்கள் ஏற்கெனவே தீர்ப்பளித்துவிட்டார்கள் என்று வாதாடினார். பேரவை அதை ஏற்கவில்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதித்து, வழக்கு நடத்தி, ஒவ்வொரு உறுப்பினரும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு மேடையேறி வாக்களிக்கும்படி செய்தது. மரண தண்டனைக்கு 387 வாக்குகள். சிறை, நாடு கடத்தல், நிபந்தனையோடு மரணம் என மற்ற வகைகளில் 334 வாக்குகள். 1793 ஜனவரி 21 அன்று தண்டனை நிறைவேறியது. அந்தக் கடும் விவாதம் முழுவதும் லூயி என்ற தனிமனிதரின் உயிர் பற்றியதே. அவரை மீண்டும் அரியணையில் அமர்த்தலாமா என்ற கேள்வி வாக்கெடுப்புக்கு விடப்பட்ட நான்கு கேள்விகளில் எதிலும் இல்லை.